சாவி எலும்பு

அறிவியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. ஒரே தவறு இரண்டு விடைத்தாள்களில் இருந்தால், யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் வந்தால், அப்பாவின் கையெழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வீட்டிலும் இதே கதைதான். பால் பாக்கெட்டில் தேதியைப் பார்ப்பதோடு நிற்கமாட்டாள். அந்தத் தேதியை அச்சடித்தவன் யோக்கியனா என்றும் ஒரு நிமிடம் யோசிப்பாள். இருபத்து நான்கு வருடம் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவளுக்கு உலகம் முழுவதும் கடைசி பெஞ்சாகத்தான் தெரியும், பாவம்.

அப்படிப்பட்டவள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், தலைமை ஆசிரியை "இலவசம்" என்ற வார்த்தையை மூன்று தடவை சொன்னார். இனி ஒவ்வொரு ஆசிரியரும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவிகளைத் தேடிப் பிடித்து, படமும் குரலும் அசைவுமாகப் பாடம் தயாரிக்க வேண்டுமாம். வருடக் கடைசியில் அதைப் பார்த்துத்தான் ஆசிரியர்களைப் பற்றி அறிக்கை எழுதப்படுமாம்.

"இலவசம்னா யாரு மேடம் செலவு பண்றது?" என்று கேட்டாள் டீச்சர்.

"நமக்கு எதுக்கு டீச்சர் அந்தக் கவலை? கிடைக்கிறத எடுத்துக்குவோம்."

"தூண்டில்ல இருக்கிற புழுவும் மீனுக்கு இலவசந்தான் மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. சிரிப்பு வரட்டும் என்று அவள் எதையும் சொன்னதே இல்லை.

ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். அன்று சாயங்காலமே கம்ப்யூட்டர் அறையில் போய் உட்கார்ந்தாள். அந்த அறைக்குப் பொறுப்பாளரான கம்ப்யூட்டர் சார் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மெலிந்த ஆள், பேசும்போது தரையைப் பார்ப்பான். தரையைப் பார்த்துப் பேசுகிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது டீச்சரின் நெடுநாள் கொள்கை.

ஒரு தளத்தில் கேள்வி போட்டால் சர்க்கஸ் கூடாரம் மாதிரி வாத்தியம் வாசித்தது. இன்னொன்றில் இதயத்தின் படத்தைப் போட்டால் நட்டநடுவில் தன் கம்பெனிப் பெயரை முத்திரை குத்தியது. மூன்றாவது, நாலு நிமிடம் ஆனதும் பேசிக்கொண்டிருக்கும்போதே வாயை அடைத்தது. கடைசியாகக் கிடைத்த தளம் கொஞ்சம் உருப்படியாக இருந்தது. படங்களை ஏற்றி, மேலே குரலைப் பதிவு செய்தால், அதுவே வீடியோவாக்கிக் கொடுத்தது. உள்ளே நுழையப் பிறந்த தேதி கேட்டது.

"என் பொறந்த தேதி இவனுக்கு எதுக்கு தம்பி?"

"சும்மா கேக்கறதுதான் டீச்சர். எல்லாரும் குடுப்பாங்க."

டீச்சர் குடுத்தாள், நாளையும் மாதத்தையும் மாற்றி, பன்னிரண்டு வயதைக் குறைத்து. அடுத்த மாதம் அந்தப் பொய்யான நாளில் சரியாக ஒரு வாழ்த்து வந்து விழுந்தது. "பாத்தீங்களா, குறிச்சு வச்சிருக்கான்" என்று ஆசிரியர் அறையில் நாலு பேரிடம் காட்டினாள்.

இவ்வளவும் சொன்னாலும் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தளம் அவளுக்குப் பிடித்திருந்தது. இருபத்து நான்கு வருடமாகக் கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்த இதயம் இப்போது சுருங்கி விரிந்தது. ரத்தம் அறைவிட்டு அறை போவதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். முதல் நாள் அதைப் பார்த்தபோது அவளும் வாயைப் பிளந்தாள். அதை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று கரும்பலகையை அழிப்பதுபோல் திரும்பி நின்றாள்.

சந்தோஷம் இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. ஒரு நாள் வருகைப் பதிவேட்டைக் கொடுக்க அலுவலகத்துக்குப் போனபோது, தலைமை ஆசிரியை போனில் பேசிக்கொண்டிருந்தது பாதி திறந்த கதவு வழியாகக் காதில் விழுந்தது. விழுந்தது என்பது டீச்சர் சொல்வது. கதவருகே அவள் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு நின்ற நேரத்தில் ஒரு பாடமே நடத்தி முடித்திருக்கலாம்.

"ஆமா, அடுத்த வருஷம் எட்டாவது ரெண்டு செக்‌ஷனையும் ஒண்ணாக்கறோம். சயின்ஸுக்கு ரெண்டு பேர் தேவைப்படாது. வீடியோவெல்லாம் தயாராயிட்டிருக்கு, அது பெரிய உதவியா இருக்கும்."

டீச்சர் கணக்குப் போட்டாள். பள்ளியில் அறிவியலுக்கு இருப்பது அவளும் இன்னொருத்தியும். அந்த இன்னொருத்தி தினமும் தலைமை ஆசிரியையோடு ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் வருகிறவள். அப்படியானால் வீட்டுக்கு அனுப்பப்படப் போவது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? குரலையும் பாடத்தையும் பிடுங்கி வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிடுவார்கள். பொத்தானை அமுக்க ஒரு பியூன் போதும்.

அன்று பதிவேட்டைக் கொடுக்காமலே திரும்பி வந்தாள். குழந்தை இல்லாத வீடு அவளுடையது. அந்த வேலையும் போய்விட்டால் காலையில் யாருக்காகக் குளித்துக் கிளம்புவது என்று நினைத்துப் பயந்துபோனாள். பயந்தவள் சும்மா இருக்கவில்லை என்பதுதான் இந்தக் கதை.

அவள் போட்ட திட்டம் இதுதான். இனி ஒவ்வொரு வீடியோவிலும் வேண்டுமென்றே ஒரு தவறு வைப்பாள். வகுப்பில் போட்டுக் காட்டும்போது அந்த இடத்தில் நிறுத்தி, சரியானதைச் சொல்லிவிடுவாள். அவள் பக்கத்தில் நிற்காமல் அவள் குரல் மட்டும் பாடம் நடத்தினால் பாடம் கெட்டுப்போகும். அப்போது தெரியும் யார் தேவை, யார் தேவையில்லை என்று. தவறுகளை மறக்காமல் இருக்க ஒரு டைரி போட்டாள். தேதி, பாடம், சொன்னது, சரியானது. நாலு பத்தி, கோடு போட்டு.

பதிவு செய்வது வீட்டில், படுக்கையறையில். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கதவடியில் தலையணையை வைத்துவிட்டுப் பேசுவாள். அவள் கணவருக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. முப்பது வருடமாக லென்ஸைத் துடைத்துத் துடைத்து, எதையும் அவசரப்படாமல் பார்க்கும் மனிதர். ஒரு சாயங்காலம் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏம்மா, கிட்டப்பார்வைக்குக் குவி லென்ஸா?"

"ஆமா."

"குழி லென்ஸ்தானே போடணும். நீ சொன்னபடி நான் போட்டுக் குடுத்தா, வாங்கினவன் நேராப் போய்ச் செவுத்துல முட்டிக்குவான்."

"உங்க கடைக்கு யாரும் என் வீடியோவப் பாத்துட்டு வரப்போறதில்ல. அது வேணும்னே சொன்னது." திட்டத்தைச் சொன்னாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். கேட்டுவிட்டுச் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். "நீ இல்லாம யாராவது பாத்தாங்கன்னா?"

"அதுக்குத்தானே இந்தத் தப்பே."

"எனக்கு என்னமோ சரியாப் படல."

"உங்களுக்கு எதுதான் சரியாப் பட்டிருக்கு? கல்யாணத்தன்னிக்கும் மூஞ்சிய இப்படித்தான் வச்சிருந்தீங்க."

அவர் எழுந்து போய்விட்டார். டீச்சர் தலையணையை மறுபடி கதவடியில் வைத்தாள்.

வேடிக்கை என்னவென்றால், வகுப்பில் அந்தத் தவறுகள் ஓகோ என்று ஓடின. டீச்சர் வீடியோவை நிறுத்தி, "இப்ப நான் சொன்னதுல ஒரு தப்பு இருக்கு, எது?" என்று கேட்டதும் பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டித் தேடினார்கள். தூங்குமூஞ்சிகள்கூடக் கை தூக்கினார்கள். ஒரு நாள் பாதியில் வந்து, பிள்ளைகள் கை தூக்குவதை மட்டும் பின்னால் நின்று பார்த்த தலைமை ஆசிரியை, "இது நல்ல முறையா இருக்கே டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த அம்மா எதற்காக நம்மைப் புகழ்கிறார் என்று டீச்சர் அன்று முழுக்க யோசித்தாள்.

அப்போதுதான் அந்த எண்ணைப் பார்த்தாள். ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே, எத்தனை தடவை பார்க்கப்பட்டது என்று தளம் ஒரு எண்ணைக் காட்டும். இதயப் பாடத்தை வகுப்பில் காட்டியது ஒரு தடவை, இவள் சரிபார்த்தது இரண்டு தடவை. எண்ணோ பதினேழு என்றது. லென்ஸ் பாடம் இருபத்திரண்டு. அமிலமும் காரமும் முப்பத்தொன்று. பார்த்தது யார் என்று தெரிய வேண்டுமானால் இலவசத் திட்டம் போதாது, கட்டணத் திட்டத்துக்கு மாறு என்றது தளம்.

வீடியோ இருக்கும் இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று தரையைப் பார்த்துப் பேசும் அந்தப் பிள்ளை.

அதற்குப் பிறகு டீச்சர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவனைக் கவனித்தாள். அவன் மடிக்கணினியில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பான். இவள் வந்தால் மூடிவிடுவான். அவன் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தான் என்பது பள்ளி முழுக்கத் தெரிந்த ரகசியம், இவளைத் தவிர. சாயங்காலம் அஞ்சேகாலுக்குப் போகிறவன் நாலரைக்கே போனான். எங்கே போகிறான்? டியூஷனுக்கு என்று முடிவு கட்டினாள். நம் பாடத்தைத் திருடி, நம் குரலை வைத்தே எங்கேயோ டியூஷன் நடத்துகிறான்.

ஒரு நாள் மாடிப்படியில் அவனே வந்து நின்றான்.

"டீச்சர், உங்க வீடியோவப் பத்தி ஒண்ணு சொல்லணும். ஒருத்தருக்கு அந்த லிங்க்க..."

"யாருக்கும் குடுக்கக்கூடாது. என்னக் கேக்காம ஒரு ஈ காக்காகூட அதப் பாக்கக்கூடாது. புரிஞ்சுதா தம்பி?"

அவன் முகம் செத்துப்போனது. "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான். முகம் செத்துப்போனதையும் டீச்சர் குறித்துக்கொண்டாள். குற்றமில்லாதவனுக்கு எதற்கு முகம் சாக வேண்டும்?

திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். ஒரு தவறு போதாது. அடுத்த வீடியோவிலிருந்து மூன்று வைத்தாள். அமிலம் சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும் என்று முந்தின பாடத்தில் தலைகீழாகச் சொன்னதே போதவில்லை. இப்போது செடியின் வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகும் சைலத்துக்கும் உணவைக் கொண்டுபோகும் புளோயத்துக்கும் வேலையை மாற்றிக் கொடுத்தாள். அதுவும் போதாது என்று பட்டது. இந்தத் தவறுகளெல்லாம் யாருக்கு வேண்டுமானாலும் வரும். இவளிடமிருந்து மட்டுமே போகக்கூடிய ஒன்று வேண்டும்.

காதுப் பாடம் வந்தது. நடுக்காதில் மூன்று குட்டி எலும்புகள்: சுத்தி, பட்டடை, அங்கவடி. டீச்சர் நாலாவதாக ஒன்றைப் படைத்தாள். தளத்தில் இலவசமாகக் கிடைத்த தூரிகையால் அதைச் சின்னதாக, ஒரு பக்கம் பல் வைத்து வரைந்தாள். சாவி எலும்பு என்று பெயர் வைத்தாள். "அங்கவடிக்குப் பின்னால், அரிசியில் பாதி அளவில் இருப்பது சாவி எலும்பு. இது ஒலியைப் பூட்டித் திறக்கிறது" என்று நிதானமாக, தன் மிக நல்ல குரலில் பதிவு செய்தாள். டைரியில் எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. வகுப்பில் காட்டியபோது பிள்ளைகள் ஒரே நிமிடத்தில் சாவியைப் பிடித்துவிட்டார்கள். அந்த வீடியோவின் எண் இரண்டே வாரத்தில் நாற்பத்தாறு ஆனது.

இந்த நாட்களில் அவள் தினமும் காலையில் வருகைப் பதிவேட்டை எடுப்பாள். முப்பத்திரண்டு பேர். இருபத்தேழாவது இடத்தில் மட்டும் மாதக்கணக்கில் ஒரே குறி. அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பெண், சேர்ந்த மூன்றாவது வாரமே வீட்டு மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுக் கிடக்கிறாள் என்று கேள்வி. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். ஒரு தடவை போன் செய்து, படிப்புக்கு என்ன செய்வது என்று கேட்டார். "மொதல்ல கால் சரியாகட்டும், வந்ததும் பாத்துக்கலாம்" என்றாள் டீச்சர். உண்மையாகவே காலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க மருத்துவரின் சீட்டை அனுப்பச் சொன்னாள். சீட்டு வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தாள். அதோடு அந்தப் பெண்ணை மறந்துபோனாள்.

ஆண்டுத்தேர்வு முடிந்து, விடைத்தாள் கட்டு வந்தது. தாளில் பெயர் இருக்காது, தேர்வு எண் மட்டும் இருக்கும். ஆசிரியர் அறையின் நீள மேசையில் உட்கார்ந்து டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

பத்தொன்பதாவது தாள். முத்து முத்தான கையெழுத்து. நல்ல பிள்ளை போலிருக்கிறதே என்று தொடங்கினாள். கிட்டப்பார்வைக்குக் குவி லென்ஸ் என்று எழுதியிருந்தது. தப்பு. அமிலம் சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும். தப்பு. வேரிலிருந்து தண்ணீரைக் கொண்டுபோவது புளோயம். பேனா நின்றது. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். நடுக்காதின் படம், அளவெடுத்தாற்போல் வரையப்பட்டு, நாலு அம்புக்குறிகள். நாலாவது அம்புக்குறியின் நுனியில், ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தது: சாவி எலும்பு. கீழே விளக்கம்: அரிசியில் பாதி அளவு. ஒலியைப் பூட்டித் திறக்கிறது.

டீச்சரின் உச்சி குளிர்ந்தது. சிக்கிவிட்டான். தூண்டிலை விழுங்கிவிட்டான். நம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கே திருட்டு டியூஷன் எடுத்திருக்கிறான், எவ்வளவு நெஞ்சழுத்தம். மற்றப் பிள்ளைகள் எல்லாம் மூன்று எலும்பு என்று சரியாக எழுதியிருக்க, ஒன்று மட்டும் எப்படி இப்படி எழுதியது என்று அவள் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. தாளையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள்.

"மேடம், கம்ப்யூட்டர் சார் என் வீடியோவத் திருடி டியூஷன் நடத்துறாரு. ஆதாரம் இருக்கு."

தலைமை ஆசிரியை தாளை வாங்கிப் பார்த்தார். புரியாமல் இவளைப் பார்த்தார். பியூனை அனுப்பிக் கம்ப்யூட்டர் சாரைக் கூப்பிட்டார். அவன் வந்து வழக்கம்போல் தரையைப் பார்த்து நின்றான்.

"தம்பி, என் வீடியோவ யாருக்குக் குடுத்தீங்க?" என்றாள் டீச்சர். "பொய் சொல்லாதீங்க. எண்ணெல்லாம் என்கிட்ட இருக்கு."

அவன் தலைமை ஆசிரியையைப் பார்த்தான். "மேடம் சொன்னாங்கன்னுதான்..."

"நான்தான் குடுக்கச் சொன்னேன்" என்றார் தலைமை ஆசிரியை. "கால் ஒடிஞ்சு வீட்டுல கிடந்தாளே, அந்தப் பொண்ணுக்கு. அவ அம்மா இங்க வந்து அழுதாங்க. பாடமெல்லாம் வீடியோவா இருக்கு, அது பெரிய உதவியா இருக்கும்னு நினைச்சேன். டீச்சர்கிட்ட சொல்லிடுங்கன்னு இவர்கிட்ட சொன்னேனே."

"சொல்ல வந்தேன் மேடம்" என்றான் அவன். "நாலு தடவ வந்தேன். ஒரு தடவ மாடிப்படியில ஆரம்பிச்சேன். யாருக்கும் குடுக்கக்கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க. அதுக்குள்ள குடுத்துட்டேன். திரும்ப வாங்கினா அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? பயந்துக்கிட்டு அப்படியே விட்டுட்டேன்."

தலைமை ஆசிரியை தேர்வு எண் பட்டியலை எடுத்து விரலால் தேடினார். பட்டியலில் விரல் நின்ற இடத்தை டீச்சர் தலைகீழாகவே படித்துவிட்டாள். இருபத்தேழு.

"அவளேதான். ஊன்றுகோலோட வந்து எழுதினா. மத்தப் பாடத்துல எல்லாம் எழுபது, எண்பது வாங்கியிருக்கா. இதுல ஏன் இப்படி எழுதியிருக்கா? இப்படியே போனா முப்பதுகூட வராது போலிருக்கே. ஒரு வருஷம் திரும்ப உக்காரணும்." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்குக் காலையில அம்மாவையும் பொண்ணையும் வரச் சொல்றேன். நீங்களும் இருங்க டீச்சர். என்னன்னு கேப்போம்."

டீச்சரின் கைப்பைக்குள் டைரி இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. கம்ப்யூட்டர் சாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாள். டைரியைக் காட்டினால் வேலை போகும்; காட்டாவிட்டால் அந்தப் பெண்ணின் வருடம் போகும். டைரியைப் பற்றி உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டிருந்தால் அழுதிருப்பாள். அவர் கேட்கவில்லை.

காலையில் அம்மாவும் பெண்ணும் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணுக்கு ஒரு பக்கம் ஊன்றுகோல். சலவைத்தூள் வாசனையோடு இருந்த அந்த அம்மா, டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"டீச்சர், உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். நான் காலையில போனா இருட்டுறப்பதான் வருவேன். அவ்வளவு நேரமும் உங்க குரல்தான் இவளுக்குத் துணை. சமைக்கிறப்பகூட உங்க குரல் ஓடிட்டிருக்கும். எனக்கே பாதிப் பாடம் மனப்பாடம்."

டீச்சர் தலையை ஆட்டினாள். தலைமை ஆசிரியை விடைத்தாளைப் பெண்ணின் முன்னால் வைத்தார்.

"பயப்படாதம்மா. இதெல்லாம் ஏன் இப்படி எழுதின? புத்தகத்துல சரியாத்தானே இருக்கு?"

அந்தப் பெண் பையிலிருந்து அறிவியல் புத்தகத்தை எடுத்தாள். மூலைகள் மடிந்து, தடித்துப்போன புத்தகம். லென்ஸ் பாடத்தைத் திறந்தாள். 'குழி' என்ற வார்த்தையின் மேல் பென்சிலால் சுத்தமாக ஒரு கோடு. மேலே பொடியெழுத்தில் 'குவி'. லிட்மஸ் பாடத்திலும் கோடு. செடிப் பாடத்திலும் கோடு. காதின் படத்தில் புத்தகத்தின் மூன்று எலும்புகளுக்குப் பக்கத்தில், பென்சிலால் நாலாவதாக ஒரு சின்னச் சாவி.

"புத்தகத்துல வேற மாதிரி இருந்துச்சு மேடம்" என்றாள். "டீச்சர் சொன்னத நிறுத்தி நிறுத்தித் திரும்பப் போட்டுக் கேட்டேன். நான்தான் தப்பாக் கேக்கறேனோன்னு பத்துத் தடவ கேட்டேன். அப்படித்தான் சொன்னாங்க. அதான் புத்தகத்துல தப்பா அச்சடிச்சுட்டாங்கன்னு நெனச்சுத் திருத்திட்டேன். டீச்சர் தப்பாச் சொல்ல மாட்டாங்கல்ல."

டீச்சர் அந்தப் பென்சில் கோடுகளைப் பார்த்தாள். இருபத்து நான்கு வருடத்தில் அவளை யாரும் இந்த அளவுக்கு நம்பியதில்லை. அவளும் யாரையும் நம்பியதில்லை. பார்த்த எண்களெல்லாம், அந்த முப்பத்தொன்றும் நாற்பத்தாறும், கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இந்தப் பெண் தனியாக உட்கார்ந்து தன்னையே சந்தேகப்பட்ட தடவைகள் என்று இப்போதுதான் புரிந்தது.

கைப்பையைத் திறந்தாள். டைரியை எடுத்துத் தலைமை ஆசிரியையின் முன்னால் வைத்தாள்.

"தப்பு அவளோடது இல்ல மேடம். எல்லாம் நான் வேணும்னே சொன்னது. தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன். இதுல இருக்கிற எதுக்கும் அவளுக்கு மார்க் குறைக்கக்கூடாது."

தலைமை ஆசிரியை முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாவது பக்கத்தைப் படித்தார். நாலு பத்திகள், கோடு போட்டு. ஏன் என்று கேட்டார். டீச்சர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பாதி திறந்த கதவு, செருப்பு வார், வீடியோ, வேலை. கேட்கக் கேட்கத் தலைமை ஆசிரியையின் முகத்தில் கோபம் வரவில்லை, களைப்பு வந்தது.

"அடுத்த வருஷத்துக்கு உங்க பேரத்தான் எழுதி வச்சிருந்தேன்" என்றார். "அந்த வீடியோவ வச்சு நீங்க வகுப்பு நடத்தினதப் பாத்துதான் எழுதினேன். மார்க்கப் போட்டுடலாம், அது பிரச்சினை இல்ல. ஆனா இத நிர்வாகத்துக்கு எழுதாம இருக்க என்னால முடியாது டீச்சர்."

"எழுதுங்க மேடம்."

அம்மாவுக்கு முழுதாகப் புரியவில்லை. மகளையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இவ பாஸாயிடுவாளா?" என்று மட்டும் கேட்டார். "பாஸ்தான்" என்றார் தலைமை ஆசிரியை. அம்மா முந்தின நாளிலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார்.

பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். வகுப்பில் பிள்ளைகள் முன் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

"எம்மேலதான் தப்பு கண்ணு. நீ இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சதக் கெடுத்துட்டேன். புத்தகத்தத் திற. ஒவ்வொண்ணா அழிச்சிடுவோம்." பையில் துழாவி ரப்பரை எடுத்து மேசையில் வைத்தாள். "கிட்டப்பார்வைக்குக் குழி லென்ஸ்தான். புத்தகத்துல இருக்கிறதுதான் சரி."

பெண் புத்தகத்தைத் திறந்தாள். ரப்பரை எடுத்தாள். 'குவி' என்ற எழுத்தின் மேல் வைத்தவள், தேய்க்காமல் அப்படியே நிறுத்தினாள்.

தலையைத் தூக்கி டீச்சரைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தலைமை ஆசிரியையைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையசைத்த பிறகுதான் அழிக்கத் தொடங்கினாள்.